வேதியியலில் டி வாங்கிய என் மகள்

நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தள்ளினேன். பிறகு மீன் அரிந்தேன். முப்பத்தொரு வயதில் கிளீதோர்ப்ஸ் கடற்கரைச் சாலையில் சொந்தமாக மீன் வறுவல் கடை போட்டேன். இன்றைக்கு மூன்று கடை. ஹேடாக் மீனைத் தொட்டுப் பார்த்தே அது பிடிபட்டு எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் இப்போது இரண்டே பேர். இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இத்தனைக்கும் என்னிடம் ஒரு பரீட்சைச் சான்றிதழ்கூடக் கிடையாது. கடை வாங்குவதா வேண்டாமா, கல்யாணம் செய்வதா வேண்டாமா, எதற்கும் நான் ஒரு நிமிடத்துக்கு மேல் யோசித்ததில்லை. என் மகள் பிரையனி விஷயத்தில் ஐந்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

பிரையனி எனக்கு நாற்பத்தெட்டு வயதில் பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள். பதினான்கு வயதிலிருந்து சனிக்கிழமைகளில் கல்லாவில் நிற்கிறாள். வரிசையில் ஒன்பது பேர் நின்றாலும் யாருக்கு என்ன, எதற்கு வினிகர் வேண்டாம், யாருக்குப் பட்டாணிக் கூழ் தனியாக என்று எழுதிக்கொள்ளாமலே சொல்லுவாள். அப்படி ஒரு ஞாபகம். அது என் பக்கத்துச் சொத்து என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது எனக்கு இதயக் கோளாறு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனோம். கடையிலிருந்த பெண்மணி சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, இதில் இரண்டு மாத்திரை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று சொல்லி, டாக்டருக்கே போன் போட்டு மாற்ற வைத்தார். பிரையனி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், தான் அந்த வேலைதான் பார்க்கப்போவதாகச் சொன்னாள். அன்றிலிருந்து வேறு எதையும் அவள் கேட்டதே இல்லை. அதற்குப் பள்ளியிறுதி ஏ-லெவல் பரீட்சையில் மூன்று பாடத்திலும் பி கிரேடு வேண்டும். இதை நான் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் மனப்பாடமாகும்வரை சொல்லிவைத்திருந்தேன்.

ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை, முடிவு வரும் நாள். எங்கள் நாட்டில் ஒரு கோளாறு உண்டு. மதிப்பெண் தாள் பள்ளியில் கைக்கு வருவதற்கு முன்பே, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததா இல்லையா என்பது இணையத்தில் வந்துவிடும். எட்டே காலுக்குச் சமையலறையில் நின்று பிரையனி போனைத் திறந்தாள். அவள் கேட்ட அதே பல்கலைக்கழகம், அதே மருந்தியல், அதற்குப் பின்னால் ‘ஃபவுண்டேஷன் ஆண்டுடன்’ என்று இரண்டு சொல். சேர விருப்பமா என்று கேட்டிருந்தது. அவள் ஒன்றும் புரியாமல் நின்றாள். நான் கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் ஒருவரும் இல்லை. முதல் வருடத்துக்கு அப்படி ஒரு பெயர் போலிருக்கிறது, எல்லாரும் அதில்தான் தொடங்குவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இடம் கிடைத்துவிட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன். என் மனைவி டெனிஸ் அழுதாள்.

அவர்கள் இரண்டு பேரும் மதிப்பெண் தாள் வாங்கப் பள்ளிக்குப் போனார்கள். நான் நேராகக் கடைக்குப் போய் வெளியே பலகை வைத்தேன். எங்கள் வீட்டுப் பெண் பார்மசிஸ்ட் ஆகிறாள், மதியம் வரை சிப்ஸ் இலவசம் என்று சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதினேன். எங்கள் வறுவல்காரன் கென், இருபது வருடமாக என்னோடு இருப்பவன், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

“ஏன் முதலாளி, பாப்பா மருந்துக்கடை வச்சா என் முட்டி வலிக்கு மாத்திரை ஓசியா?”

“உனக்கு மட்டும் ரெட்டை விலைடா.”

பதினொரு மணிக்குப் பிரையனி வந்தாள். வரிசை தெருமுனைவரை போயிருந்தது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கல்லாவில் நின்றாள். மூன்று மணி நேரம் வாழ்த்து வாங்கிக்கொண்டு பொட்டலம் கட்டினாள். பரிசாகச் சாக்லேட் கொடுத்தவர்கள் உண்டு. கிழவி ஒருத்தி கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திய பிறகு, கவுண்டரில் அந்தத் தாளை வைத்தாள். கணக்கு பி. உயிரியல் பி. வேதியியல் டி.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பி வேண்டிய இடத்தில் டி வாங்கினால் எப்படி இடம் கொடுப்பார்கள்? பள்ளியில் வேதியியல் ஆசிரியர் டின்ஸ்டேல் விளக்கியதை அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். கேட்ட படிப்பில் இடம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று தருகிறார்கள். முதலில் ஒரு வருடம் அடிப்படையிலிருந்து படிக்க வேண்டும், அதில் தேறினால்தான் நான்கு வருட மருந்தியலுக்குள் விடுவார்கள். வேண்டும், வேண்டாம் என்று செவ்வாய் மாலைக்குள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால், வேதியியலை அடுத்த ஜூனில் திரும்ப எழுதிவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்று அழுத்திவிட்டால் திரும்பி வர வழியில்லை.

“வந்த உடனே ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“வெளியில பலகை இருந்துச்சேப்பா.”

நான் போய்ப் பலகையைத் துடைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி என் முடிவு தெளிவாக இருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொள். துறைமுகத்தில் கிடைத்த பெட்டியை விட்டுவிட்டு அடுத்த படகுக்குக் காத்திருந்தவன் எவனும் கடை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டின்ஸ்டேல் வழக்கம்போல் ஹேடாக் வாங்க வந்தார். கூடத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஃபவுண்டேஷன் ஒரு வருடம், பிறகு நான்கு, மொத்தம் ஐந்து. திரும்ப எழுத ஒரு வருடம், பிறகு நான்கு, அதுவும் ஐந்து. திரும்ப எழுதி பி வாங்கிவிட்டால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். ஃபவுண்டேஷனில் தேறினால் அந்த ஒரு பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் மேலே போக முடியும், மற்றவர்களில் பலர் அதை மதிக்கமாட்டார்கள். அதைக் கேட்டதும் என் முடிவு தலைகீழாகிவிட்டது. திரும்ப எழுது, அதுதான் சரி. மீனைச் சரியாக அரியாவிட்டால் முதலாளி திரும்ப அதையேதான் கையில் கொடுப்பார், கை பழகும்வரை.

சனிக்கிழமை டெனிஸ் விசாரித்துவிட்டு வந்தாள். பள்ளியில் திரும்பச் சேர்க்கமாட்டார்களாம். தானாகப் படித்து, பரீட்சை எழுத ஓர் இடத்தையும் தானே தேட வேண்டும். முப்பது மைலுக்குள் தனியாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திரும்ப எழுதுகிறவர்களிடம் சில பல்கலைக்கழகங்கள் பி போதாது, ஏ வேண்டும் என்று கேட்குமாம். என் முடிவு மறுபடி ஆடியது. கென் தன் பங்குக்கு, தன் அக்கா மகன் இரண்டு தடவை திரும்ப எழுதி இப்போது லாரி ஓட்டுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான் என்றான். அது எந்தப் பக்கத்துக்குச் சாதகம் என்று நான் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

டெனிஸ் ஒரு மணி நேரம் திரும்ப எழுதுவதே நல்லது என்பாள், பிறகு இல்லை என்பாள். பிள்ளை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசையில் தான் பேசுகிறோமோ என்று அவளுக்கே சந்தேகம். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. திரும்ப எழுதினால் இவள் ஒரு வருடம் இதே கல்லாவில், வாழ்த்துச் சொன்ன அதே ஆட்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஃபவுண்டேஷனுக்குப் போனால் செப்டம்பரில் ஊரைவிட்டுப் போய்விடலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் வைத்த பலகைக்குப் பயந்து இவள் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாதே என்று எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். டி வாங்கியிருக்கிறாள், இனிதான் முடிவு என்று ஒவ்வொரு பொட்டலத்தோடும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வியாபாரம் செய்ததில்லை. பிரையனிக்குத் தெரிந்தபோது கோபம் வந்தது.

“முதல்ல ஊருக்கெல்லாம் பாஸுன்னு சொன்னே, இப்ப ஊருக்கெல்லாம் ஃபெயிலுன்னு சொல்றே. ரெண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லைதான்.

திங்கட்கிழமை அவளே பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிடம் காத்திருந்து, பிறகு பத்து நிமிடம் பேசினாள். நான் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்; அவள் பேச்சில் பாதிதான் காதில் விழுந்தது, பதில்களைப் பிறகு அவளே சொன்னாள். மேலே போக அறுபது சதவீதம் வேண்டுமாம், வேதியியலிலும் தனியாக அறுபது. வராவிட்டால்? வராவிட்டால் வேறு படிப்புக்கு மாற்றுவார்கள், மருந்தியல் இல்லை. ஆக எந்த வழியில் போனாலும் நடுவில் அதே வேதியியல்தான் நிற்கிறது. நேரமும் ஒன்று, தடையும் ஒன்று. பிறகு எதை வைத்து முடிவு செய்வது? ஒரே எடையில் இரண்டு மீனைக் கொடுத்து எது நல்லது என்றால் செதிலைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதில் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

செவ்வாய் காலை உருளைக்கிழங்கு உரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கிழங்கின் முளைக்கண்களைக் கத்தியால் எடுத்துக்கொண்டிருந்தாள். உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். அந்த ஐந்து நாளில் அதை இப்படி நேராக நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“எனக்குக் கெமிஸ்ட்ரி புரியாதுப்பா” என்றாள்.

“கொஞ்சம் கஷ்டம்தான்…”

“இல்லப்பா. சுத்தமா புரியாது. ரெண்டு வருஷமும் புரிஞ்சதே இல்ல. வினிகர் வேண்டாம், பட்டாணி தனியான்னு ஞாபகம் வச்சுக்கிறேன்ல, அதே மாதிரிதான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சு எழுதினேன். கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா போச்சு. டின்ஸ்டேல் சாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

நான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

“திரும்ப எழுதுன்னா, வீட்ல உட்காந்து அதையே இன்னொரு தடவை ஞாபகம் வச்சுப்பேன். பி கூட வாங்கிடுவேனா இருக்கும். அப்புறம் ஒருத்தர் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவாங்க. ரெண்டு மாத்திரை ஒத்துப்போகுமா போகாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்போ அங்க?”

“அங்க முதல்லேர்ந்து சொல்லித் தர்றாங்க. நேத்து போன்ல பேசின அந்தம்மாகிட்ட அதைத்தான் கேட்டேன். ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்கிட்டு ஆரம்பிப்பாங்களான்னு. ஆமான்னாங்க.”

எனக்கு அப்போதும் குழப்பம்தான். இத்தனை வருடம் என் சொத்து என்று நான் பீற்றிக்கொண்ட அந்த ஞாபகசக்திதான் இவளுக்குக் குழி தோண்டியதா? அறுபது வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, ஏற்கிறேன் என்பதை அழுத்திவிட்டாள். காலை பத்தரை மணி. இன்னும் ஏழு மணி நேரம் பாக்கியிருந்தது. நானாக இருந்தால் கடைசி நிமிடம் வரை பிடித்துவைத்திருப்பேன்.

செப்டம்பரில் கொண்டுபோய் விட்டோம். அங்கே அந்த வருடத்துக்குப் பூஜ்யம் என்று பெயராம். வாடிக்கையாளர்கள் எத்தனையாவது வருடம் என்று கேட்டால் பூஜ்யம் என்கிறேன். அவர்கள் முழிக்கிறார்கள், கூடவே நானும்.

கிறிஸ்துமஸுக்கு வந்தவளிடம் முதல் வேதியியல் தேர்வு என்னாயிற்று என்று டெனிஸ் கேட்டாள். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. வருடக் கடைசியில் அறுபது வேண்டும். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியாத மதிப்பெண் அது. இதற்குத் திரும்பவே எழுதியிருக்கலாமோ என்று, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, கேட்டுவிட்டேன்.

அவள் பையிலிருந்து விடைத்தாளை எடுத்து, தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மேசைமேல் விரித்தாள். சிவப்புக் கோடு விழுந்த ஒவ்வோர் இடத்தையும் விரலால் தொட்டுக்கொண்டு போனாள். இங்கே கூட்டல் தப்பு. இங்கே கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. இது ஒன்று இன்னும் பிடிபடவில்லை, ஜனவரியில் போய்க் கேட்க வேண்டும்.

“போன நாப்பத்திரண்டு மார்க்கும் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்பா” என்றாள்.

அந்தத் தாளில் எனக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் விரல் போகும் இடமெல்லாம் நானும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தேன்.