‘ஒரு தாய்’ என்று அச்சான இடம்

எஸ்தர் சிஸ்டரைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த இதழின் வாசகர்களிலேயே பலர் இருக்கிறீர்கள். அவரோடு மலையேறி வேலை பார்த்தவர்கள், அவர் கையில் பிறந்தவர்கள். நான் அச்சகத்தில் எழுத்துகளை அடுக்கி அவருடைய புத்தகத்துக்குப் பக்கம் கட்டியவள் மட்டுமே. முந்திக்கொண்டு எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது ராசிபுரத்தில் அச்சகத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருந்தேன். சிஸ்டரின் மகன்தான் அழைத்தார். “அம்மா மத்தியானம்...” என்றபோது வளைவு வந்து சிக்னல் போய்விட்டது. அடுத்த சிக்னல் வரும்வரை, மத்தியானம் சாப்பிட்டார், மத்தியானம் என்னைக் கேட்டார் என்று வாக்கியத்தை நானே வேறுவேறாக முடித்துக்கொண்டிருந்தேன். மலைமேல் எங்கள் ஊர்ப்பக்கமான வாழவந்தி நாட்டில் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் தெரிந்துவிட்டது.

மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகத் தன் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வுபெற்றபின் முள்ளுக்குறிச்சியில் மகன் வீட்டிலிருந்து தன் நினைவுகளை எழுதினார். புத்தகம் வந்ததும், அதில் பேசப்படும் விஷயங்களைக்கொண்டு இன்றைய நிலைமையைப் பற்றி மாதம் ஒரு கட்டுரை வேண்டும் என்று இந்த இதழின் ஆசிரியர் அவரிடம் கேட்டார். சிஸ்டர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

“நடந்தது என்னன்னு நான் சொல்லீட்டேன். அதுக்கு இன்னிக்கு என்ன பண்ணோணும்னு சொல்றதுக்கு இன்னொரு ஆள் வேணுமல்ல? எனக்குக் கண்ணும் தெரியல, பொறுமையும் இல்ல.”

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். நாலு பேர் நடுவில் பேச நாக்கு எழாது. எழுதும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு அதிகாரம் வந்துவிடும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வராத பெண்களைப் பற்றி எழுதினேன். மகளைப் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்துகிறவர்களைப் பற்றி எழுதினேன். ‘பெற்றோரின் அலட்சியமே காரணம்’ என்று முடித்திருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். சிஸ்டரும் போன் செய்தார்.

“நல்லா எழுதியிருக்கற கண்ணு. தராசைத் தூக்கீட்டு நடுவீதியில நின்னு கத்தற மாதிரியே இருக்குது. ஏன் சாமி, என் புத்தகத்தைப் படிச்சியா, பக்கம் மட்டும் கட்டுனியா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எந்த அத்தியாயத்தைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

புத்தகத்தைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை சிஸ்டர் எங்கள் ஊருக்கு வந்து, பலாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, துணித்தூளியில் குழந்தைகளை உட்காரவைத்து எடை போடுவார். ஊரே சுற்றி நிற்கும். எடை குறைந்த குழந்தையின் தாயை அங்கேயே, எல்லார் முன்னாலும் திட்டுவார். “புள்ளைக்குச் சோறு ஊட்டறியா, இல்ல கோழிக்குப் போடறியா?” கூட்டம் சிரிக்கும். ஒரு தாய்க்கு ஒல்லியான பெண்குழந்தை. அந்த வருடம் அவர்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் ஒவ்வொரு மாதமும் தன் அக்காவின் கொழுகொழுவென்ற குழந்தைக்குக் கவுன் மாட்டித் தூக்கி வந்தாள். ஒரு மாதம் குழந்தை தூளியை நனைத்துவிட, சிஸ்டர் கவுனைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, போன மாசம் இது பொம்பளப் புள்ளையல்ல?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தாய் மட்டும் நிமிரவில்லை. சிஸ்டர் தராசை அவிழ்த்துக்கொண்டு அவளுடன் வீட்டுக்குப் போனார். உள்ளே, சாக்கின்மேல், நிஜமான குழந்தை படுத்திருந்தது.

‘அவள் மறைத்தது குழந்தையை அல்ல, என் வாயிலிருந்து தன்னைத்தான்’ என்று அத்தியாயத்தை முடித்திருந்தார். அதன்பிறகு அவர் யாரையும் கூட்டத்தில் வைத்து எடை போடவில்லை. வீடு வீடாகத் தராசைச் சுமந்துகொண்டு போனார்.

அச்சாகும் முன் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மழைக்காலம். காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துப்போட்டுக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

“உன் பேரைப் போடட்டுமா, வேண்டாமா?”

“போடுங்க சிஸ்டர். நடந்தது தானுங்களே. காப்பி குடிங்க.”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். குனிந்து, அவருடைய ஈரக் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு காப்பியில் இன்னும் சர்க்கரை கேட்டார். சரிபார்த்த தாள்கள் என்னிடம் திரும்பி வந்தபோது அம்மாவின் பெயர் இருந்த இடமெல்லாம் ‘ஒரு தாய்’ என்று அவர் கையால் திருத்தப்பட்டிருந்தது. அந்தப் பக்கங்களைக் கட்டும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

ஒவ்வொரு அத்தியாயமாகக் கட்டுரை எழுதினேன். அந்த ஒன்றைத் தொடவில்லை. போனை வைக்கும் முன் அவர் கேட்பார்: “அந்த ஒண்ணு எப்போ?” “எழுதறேங்க சிஸ்டர்” என்பேன். அவர் வற்புறுத்தமாட்டார்.

அடக்கத்தன்று அம்மாவும் என்னுடன் முள்ளுக்குறிச்சிக்கு வந்தாள். பந்தலில் சிஸ்டரோடு வேலை பார்த்தவர்கள் பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சார் சிரிப்பை அடக்க முடியாமல் ஆரம்பித்தார்.

“அந்தக் கவுன் கதை தெரியுமுங்களா? எவளோ ஒருத்தி அக்கா ஊட்டுப் பையனுக்குக் கவுனு மாட்டி, கவர்மெண்டையே ஏமாத்திப்போட்டா!”

துக்க வீட்டில் சிரிக்கிற மாதிரி எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அது நான்தானுங்க சார்.”

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா என்னைக் காட்டினாள்.

“புள்ளை இவதானுங்க. வத்தலாட்டம் கெடந்தா. சிஸ்டர் ஊட்டுக்குள்ள வந்து உக்காந்து, என் கையைப் புடிச்சு, ‘தப்பு எம்பேர்லதான்’னு சொன்னாங்க. எங்க கிட்ட அப்படிச் சொன்ன ஆபீஸர் வேற யாருமில்லீங்க.”

அந்த சார் எழுந்து நின்றுவிட்டார். “மன்னிச்சுக்கோங்கம்மா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “கட்டுரை எழுதற புள்ளை நீதானே கண்ணு?” என்றார். ஆமாம் என்று தலையைத்தான் ஆட்ட முடிந்தது. இத்தனை மாதம் ஊரார் வீட்டு அலட்சியத்தை எடை போட்டவள், அக்காவின் குழந்தையைத் தூக்கி வந்த அம்மாவைவிடக் கெட்டிக்காரத்தனமாக என் வீட்டை மறைத்திருக்கிறேன். அம்மாவுக்காவது பயப்படக் காரணம் இருந்தது. என்னை யார் திட்டினார்கள்?

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது, தராசை அவிழ்த்துக்கொண்டு அந்த வீடு வரைக்கும் அவர் நடந்த நடைதான். இனி ஒரு வீட்டைப் பற்றி எழுதுவதற்கு முன் அந்த வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும். அவர் கேட்ட அந்த ஒரு கட்டுரையை, அவர் கேட்க முடியாதபோது எழுதிவிட்டேன். இதுதான் அது.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்கத்தான் எழுதவே உட்கார்ந்தேன். சிஸ்டரின் மகனுக்கும் பதிப்பாளருக்கும்: புத்தகம் மறுபடி அச்சாகப்போவதாகச் சொன்னீர்கள். அந்த அத்தியாயத்தை நானே திருத்திக் கட்டித் தருகிறேன். ‘ஒரு தாய்’ என்று வரும் இடங்களில் அம்மாவின் பெயரைப் போட அனுமதி கொடுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “அன்னிக்கே போடச் சொன்னேனல்ல?” என்றாள்.

பெயர் செல்லாயி.