உப்பில்லாப் பத்தியம்

அப்பா கறுத்துப்போனதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்னிலம் பக்கத்தில் நாள் முழுக்க வயலில் கிடக்கும் ஆள் கறுக்காமல் என்ன ஆவான்? உள்ளங்கை ரேகையும் ஈறும்கூடக் கறுத்திருந்தன. அதைப் பார்க்க எங்களுக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை.

ஆட்சி மாறியிருந்த புதிது. மிராசுதார் வீட்டு வாசலில் கொடி மாறியது. எங்கள் கூலி மாறவில்லை. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினால் வரப்பில் நின்று மறிப்பது என்று சங்கத்தில் முடிவானது. எப்போதும் முதல் ஆளாக நிற்கும் அப்பா, இப்போது எழுந்து நின்றாலே கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிடுவார். கூட்டத்துக்கும் போகவில்லை.

"விலை போயிட்டான், அதான் படுத்துக்கிட்டான்" என்று தெருவே பேசியது. அவரோடு அடிபட்டு ஜெயிலுக்குப் போனவர்களும் பேசினார்கள். அவர்களை இன்றும் நான் மன்னிக்கவில்லை.

அறுப்பன்று வரப்பில் நின்று காட்டிவிட வேண்டும், அப்பாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. அம்மாவுக்கு அது வெறி. குடவாசல் வைத்தியர் சூரணம் கொடுத்து உப்பில்லாப் பத்தியம் சொன்னார். உப்பு சேர்ந்தால் மருந்து வேலை செய்யாதாம்.

அப்பாவோ சில மாதங்களாகவே உப்புக்குப் பறந்துகொண்டிருந்தார். கருவாட்டைச் சுடாமலே கடிப்பார், கல்லுப்பை மிட்டாய் போலச் சப்புவார். அம்மா உப்புச் சட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஒரே ஒரு கல்லு குடு புள்ள" என்று கெஞ்சினார்.

"தரமாட்டேங்க. எந்திரிச்சு நின்னு அவனுங்க வாயை அடைக்க வேணாமா?"

சப்பென்ற கஞ்சியை வாந்தியெடுத்து வாந்தியெடுத்து, அறுப்புக்கு முன்பே செத்தார். பயத்திலேயே செத்தான் என்று ஒருவன் சாவு வீட்டில் சொன்னான்.

நர்சிங் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. சிறுநீரகங்களின் தலையில் ஆளுக்கொன்றாகச் சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் செல்கள் சுரக்கும் ஹார்மோன்தான் உப்பை உடம்பில் பிடித்துவைக்கிறது. அந்தச் செல்கள் அழிந்தால் உப்பு மூத்திரத்தில் ஓடிவிடும், ரத்த அழுத்தம் விழும், தோல் கறுக்கும், நாக்கு உப்புக்கு அலையும். அதற்கு மாத்திரை உண்டு. அது கிடைக்கும்வரை அப்பா கேட்ட உப்பாவது கொஞ்சம் தாங்கியிருக்கும்.

அம்மாவிடம் சொல்லத்தான் ஊருக்குப் போனேன். சோறு போட்டபடி அவளே அப்பா பேச்சை எடுத்தாள்.

"எப்படிக் கெஞ்சினாரு தெரியுமா? நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டேன். மனசு எளகி நான் உப்பைக் குடுத்திருந்தா, இன்னும் முன்னாடியே போயிருப்பாரு."