கோரைக்குள் ஒரு குருகு, கரையில் ஓர் ஆள்

அபூர்வமான பறவையைக் கண்டுபிடிப்பதைவிட, அதைப் பார்த்துச் சொல்ல ஊருக்கு ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. நான் எட்டாவதோடு நின்றவள். எதையாவது மாற்றிச் சொல்லி, ஒரு குளத்துக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

தேடுவது ஒரு குருகை; கொக்கு ஜாதிதான், ஆனால் கண்ணில் படுவதே அபூர்வம். கோரைக்குள் கழுத்தை நீட்டி நின்றால் அதுவும் ஒரு கோரைதான். பறவை ஆய்வு செய்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். தாமிரபரணித் தண்ணீர் பாயும் குளங்களில் தினமும் இறங்குகிற ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை.

படம் காட்டியது

ஆய்வுக்காரர்கள் தந்த படங்களில், நம் நாட்டுப் பக்கமே வராத பறவை ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். அதையும் பார்த்தேன் என்று சொல்கிறவரை நம்பக்கூடாதாம். குளத்தங்கரை டீக்கடை அண்ணாச்சி எல்லாப் படத்துக்கும் தலையாட்டினார். வெயிலில் வந்தவளை வெறுமனே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இது இந்தியாவுக்கே வராதே அண்ணாச்சி என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அப்ப நேத்துதான் வந்திருக்கும். எங்க குளத்துல தண்ணி நல்லா கெடக்குல்லா!"

அடையாள அட்டை

அதே ஊரில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தானாகவே முன்வந்தார். முதலில் படம் ஒட்டிய அட்டை வேண்டும் என்றார்; கொடுத்தோம். வெள்ளை வேட்டியில் சேறு படாமல் கரையிலேயே நின்று, கூட்டாளிகளோடு உரக்க அரசியல் பேசினார். மாதக் கடைசியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "நான் ஒரு நாளும் தவறல. பறவைதான் லீவுல இருக்கு, எழுதிக்கிடுங்க."

எருமைக்காரி

கடைசியில் எருமை குளிப்பாட்ட வரும் மாரியம்மாளிடம் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். படத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு காலையில் கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "யக்கா, கோரை ஒண்ணு என்னையே பாக்கு!"

குத்தகைக்காரர்

ஆய்வுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அதே குருகுதான், கூடும் கட்டியிருந்தது. விஷயம் டீக்கடைக்குப் போய், அங்கிருந்து மீன் குத்தகைக்காரர் காதுக்கும் போய்விட்டது. பறவை இருக்கிறதென்று எழுதினால் அரசாங்கம் குளத்தில் யாரையும் இறங்கவிடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குத்தகைக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நீங்க எழுதுத அன்னைக்கு நான் கோரைல தீ வச்சிருவேன், யக்கா. ஒங்க மேல கோவம் இல்ல. குளத்தப் பூட்டிட்டா நான் எங்க போயி வலை போட, திருச்செந்தூர் கடல்லயா?"

காவல்

எழுதினால் கூடு எரியும்; எழுதாவிட்டால் வந்த வேலையே பொய். ஆய்வுக்காரர்களிடம் அழாத குறையாகச் சொன்னேன். குளத்தின் பெயரை எங்கேயும் வெளியிடுவதில்லை, குஞ்சு பறக்கும்வரை கோரைப் பக்கம் மட்டும் வலை வேண்டாம், மீன்பிடிப்பைத் தடுக்கச் சொல்லி யாருக்கும் எழுதப் போவதுமில்லை என்று அவர்களே வந்து குத்தகைக்காரர் முன்னால் சொன்னார்கள். அவர் வலையில் சிக்கு எடுக்க உட்கார்ந்துவிட்டார். நான்தான் கேட்டேன், "மாரியம்மா எருமையோட போயிருவா. நாள் முழுக்கக் குளத்துல கெடக்கது நீங்கதான். நீங்களே பாத்துச் சொல்லுங்களேன், அண்ணாச்சி." யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் போனபோது அதிகாரி தன் கூட்டாளிகளோடு பறவை பார்க்க வந்திருந்தார். தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றுகொண்டு குத்தகைக்காரர் அவர்களை மறித்தார். "பைய பேசும் வே! உள்ள பிள்ளத்தாச்சி இருக்கா."

குளத்தின் பெயரை நான் இங்கும் எழுதவில்லை. குத்தகைக்காரர் காவலில் எனக்கு முழு நம்பிக்கைதான், இருந்தாலும் அன்று கிளம்பும்போது அவருடைய தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.