பங்கருக்கு மேல் ஒரு வெள்ளை ரோசா

போன கிழமை என் கையில் இருந்த கீறல்களைப் பார்த்துவிட்டு, எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் பூனையைத்தான் சந்தேகித்தார்கள்.

எங்கள் வீட்டில் பூனை இல்லை. ரோசா இருக்கிறது.

வழக்கமான ரோசா அல்ல. இது நிமிர்ந்து நிற்காது, நிலத்தோடு நிலமாகப் படரும். சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பூக்கள் — கொத்துக் கொத்தாக. பண்டத்தரிப்பில் இருந்து வரும் சக ஆசிரியை ஒருவர் நாலைந்து தடிகளை ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து தந்தார்.

"ரீச்சர், இது உங்களுக்கெண்டே படைச்ச ரோசா. தண்ணி பெரிசா ஊத்தத் தேவையில்லை, கொப்பு வெட்டத் தேவையில்லை, மருந்தடிக்கத் தேவையில்லை. நட்டுப்போட்டு மறந்துபோங்கோ."

மறந்துபோங்கோ! இந்த நாட்களில் என்னிடம் யார் இப்படிச் சொல்கிறார்கள்? மண்ணெண்ணெய் வரிசையை மறக்கக்கூடாது. பேக்கரியில் பாண் கிடைக்கும் நேரத்தை மறக்கக்கூடாது. மகள் ரியூசன் முடிந்து திரும்பும் நேரத்தை மறக்கவே கூடாது... மறப்பதற்கு அனுமதி தந்த ஒரே சீவன் இந்தச் செடிதான்.

எங்கே நடுவது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது.

எங்கள் உரும்பிராய்ச் செம்மண் மழைக்கு நிற்காது. குண்டுக்குப் பயந்து வளவில் வெட்டிய பங்கருக்கு மேல் பனங்குற்றிகளை அடுக்கி, அதற்கு மேல் போட்ட மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வழியும். மழை விட்டதும் என் கணவர் மண்வெட்டியோடு நின்று அதைத் திரும்ப மேலே ஏற்றுவார். ஏற்றிக்கொண்டே என்னைப் பார்ப்பார் — மழையைக் கூப்பிட்டது நான்தான் என்பதுபோல. படர்கிற செடி, தொட்ட இடமெல்லாம் வேர்விடும் செடி... மண்ணைப் பிடித்து வைத்திருக்காதா? பங்கருக்கு மேலேயே நட்டேன்.

பக்கத்து வளவு மனோன்மணி அக்கா தன் பங்கருக்கு மேல் பூசணி விட்டிருக்கிறார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பூசணியெண்டால் காயாவது காய்க்கும், ரீச்சர். உதென்ன, பங்கருக்கு அலங்காரமோ?"

ரோசா நன்றாகப் பிடித்தது. மாரி முழுக்க மண் அசையவில்லை. மண்வெட்டிக்கும் கணவருக்கும் ஓய்வு. நானும் சொன்னபடி செடியை மறந்துபோனேன்.

மறந்த செடி என்ன செய்தது? சரிவால் இறங்கி, பங்கர் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை. நான் பள்ளிக்கூடத்துக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தேன். வானத்தில் பொம்மர் சத்தம். மூன்று பேரும் ஓடினோம். கணவர் முதலில் இறங்கினார், பிறகு நான். இறங்கித் திரும்பிப் பார்த்தால் — மகள் வதனி வாசலில் நிற்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளை. பாவாடை ரோசாக் கொடியில் மாட்டி இழுபட்டிருக்கிறது. "வாடி உள்ளுக்கை!" என்று கத்தினேன். வரவில்லை. திரும்ப மேலே ஏறி, ஒரு கையால் கொடியையும் மறு கையால் பிள்ளையையும் பிடித்து இழுத்தேன். பாவாடை கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் மற்றச் சத்தம். நிலம் எங்களை ஒருமுறை தூக்கிப் போட்டது.

எங்களுக்கு ஒன்றும் இல்லை. குண்டு விழுந்தது கொஞ்சம் தள்ளி. 'எங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது... வேறு யாருக்கோ என்றுதானே அதற்கு அர்த்தம்?

பத்திரிகைத் தாள் கிடைக்காமல், நான் எழுதிவரும் இந்தப் பத்தியும் இப்போது கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அச்சாகிறது. எழுதுகிற நானோ அன்றிலிருந்து ஒரு கோட்டிலும் நிற்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரோசாவை அடியோடு வெட்டுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த உடனேயே குழப்பம் தொடங்கியது. வெட்டினால் அடுத்த மாரிக்கு மண் கரையும், கூரை மெலியும். வெட்டாவிட்டால் முள். எது பெரிய ஆபத்து? வாசலில் உள்ளதை மட்டும் வெட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன் — மனோன்மணி அக்கா வாய் திறக்கும்வரை.

"வாசலை விடுங்கோ, ரீச்சர். உந்த வெள்ளை மேலையிருந்து பாக்கத் தெரியுமல்லோ? நான் வெள்ளைச் சீலையை வெளியிலை காயப்போடுறதையே விட்டிட்டன். நீங்கள் என்னடாவெண்டால் வளவு நடுவிலை விரிச்சு வைச்சிருக்கிறியள்!"

இது எனக்குத் தோன்றவேயில்லை. பொத்தான் அளவு பூ ஆகாயத்தில் இருந்து தெரியுமா? தெரியாது. கொத்தாக இருந்தால்? நூறு கொத்து இருந்தால்? யாரிடம் கேட்பது?

கணவர் பழைய விஞ்ஞான மாணவர். பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாமரத்தில் ஏறினார். நான் பங்கருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்னப்பா, தெரியுதோ?"

"ரோசா அவ்வளவாத் தெரியேல்லை. உம்மடை நரைதான் வடிவாத் தெரியுது."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது: "அப்ப ரீச்சருக்கு மேலையும் ரெண்டு ஓலைக் கிடுகு போட்டு விடுங்கோ, அண்ணை!"

சிரித்தோம். மாமர உயரத்தில் எந்தப் பொம்மரும் பறப்பதில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். யோசித்தது போதும். முதல் கொடியைப் பிடித்த நேரம் வதனி ஓடி வந்தாள்.

"அம்மா, அதை வெட்டாதேங்கோ."

"உன்னைப் பிடிச்சு வைச்ச சாமான், பிள்ளை. பட்டது காணாதே?"

"அது என்னைப் பிடிக்கேல்லை."

"பாவாடை மாட்டினதை நான் பாத்தனான்."

"மாட்டினது எனக்கே தெரியாது. நீங்கள் இழுக்கேக்கைதான் தெரிஞ்சது. நான்... நான்தான் நிண்டனான்."

"விசரே உனக்கு? பொம்மர் சுத்திக்கொண்டு நிக்குது, நீ நிண்டனியோ?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உள்ளுக்கை வந்தால் ஒண்டும் தெரியாதம்மா. இருட்டு. சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் எங்கடை தலைக்குத்தான் எண்டு நினைப்பன். வெளியிலை நிண்டால் எங்கை போடுறாங்கள் எண்டாவது தெரியும். எப்பவும் கடைசியா இறங்கிறது அதுக்குத்தான்."

எப்போதும் கடைசியாக இறங்குவாள். உண்மைதான். நானும் கவனித்திருக்கிறேன். பெரியவர்களுக்கு முதலில் வழிவிடுகிறாள், நல்ல வளர்ப்பு என்று உள்ளூரப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்!

கத்தி கையில் இருந்தது. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

பிழை ரோசாவினுடையது என்றால் எவ்வளவு சுகம்... அரை மணித்தியால வேலை. பிள்ளைகளின் பயத்துக்குக் காரணம் தேடும் பெற்றோர் எல்லோருமே இப்படித்தானோ? கையால் வெட்டி எறியக்கூடிய ஒன்றாகப் பார்த்துத் தேடுகிறோம்.

அவளுக்கு என்ன சொல்வது? பயப்படாதே என்றா? நான் பயப்படுகிறேனே. உள்ளே இருந்தால் ஒன்றும் நடக்காது என்றா? அதற்கு யார் உத்தரவாதம்?

மாமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் கணவர். ஞாயிற்றுக்கிழமை காலை, பங்கரின் தெற்குப் பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, மண் நிரப்பிய உரப்பை ஒன்றை இழுத்தெடுத்தார். ஒரு முகம் அளவுக்கு இடைவெளி. அதால் துண்டு வானம் தெரிந்தது.

"ஓட்டை வைக்கிறதெண்டால் பங்கர் என்னத்துக்கு?" என்றார் மனோன்மணி அக்கா. நியாயமான கேள்வி. வானம் தெரிகிற வழியால் வேறு எதுவும் வரலாம்தானே? உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

வாசலில் இருந்த கொடிகளை மட்டும் வெட்டினேன். வெள்ளைப் பிரச்சினைக்கு அக்காவே ஒரு வழி கண்டார். விடிந்ததும் கடகப் பெட்டியோடு வந்து, பூத்ததெல்லாவற்றையும் பிள்ளையாருக்கு ஆய்ந்துகொண்டு போகிறார். மறுநாள் திரும்பவும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் காலையும் சத்தம் கேட்டது.

கணவர் இறங்கினார். நான் இறங்கவில்லை, வாசலில் நின்றேன். வதனி என்னைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். பிறகு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நான். நேரே அந்த இடைவெளிக்குப் போய் முகத்தை வைத்துக்கொண்டாள். பின்னுக்கு இழுக்க வேண்டும்போல் இருந்தது. இழுக்கவில்லை. அவளுடைய சட்டையின் நுனியை மட்டும் பிடித்திருந்தேன்.

"அம்மா, நீங்கள் நடுங்கிறியள். கண்ணை மூடுங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்."

வகுப்பில் நாள் முழுக்க 'கண்ணைத் திறந்து பாருங்கோ' என்று சத்தம் போடுகிறவள் நான்.

மூடிக்கொண்டேன்.