நீதிபோதனை பீரியடு

காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு நீதிபோதனை. அது அட்டவணையில் மட்டும்தான். அதிலும் நான் கணக்குதான் நடத்துவேன். விளையாட்டு பீரியடையும் விட்டுவைத்ததில்லை.

பி.டி. சார் ஒருநாள் வாய்விட்டே கேட்டார். "எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீகன்னா பிள்ளைக எப்பத்தான் டீச்சர் ஓடியாடி, தோத்து ஜெயிச்சுப் பழகும்?"

"ஓடியாடி என்னத்தக் கிழிக்கப் போகுதுக? பப்ளிக் எக்ஸாம்ல பந்தையா உதைக்கச் சொல்றாக?" என்று வெடுக்கென்று சொன்னேன். ஸ்டாப் ரூமே சிரித்தது. எனக்கும் பெருமைதான்.

ரேங்க் கார்டில் மன உறுதி, பிறரோடு பழகுதல் என்று சில கட்டங்கள் இருக்கும். குடிக்கிற டீ ஆறுவதற்குள் வகுப்பு முழுக்க 'ஏ' போட்டுவிடுவேன். என் மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள். அவளுக்கும் 'ஏ'. எப்போதும் முதல் ரேங்க். அவள் தோற்று நான் பார்த்ததே இல்லை. எதை வைத்துத்தான் அந்த 'ஏ'யைப் போட்டேனோ!

போன மாதம் கோயம்புத்தூர் காலேஜிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். முதல் வருஷம் படிக்கிறாள். "இனிமே அங்க போகமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாள். வைத்த சோறு பாதி அப்படியே திரும்பி வரும். காரணம் தெரிந்துகொள்ள அவளோடு ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"பாடம் புரியலன்னாகூட யார்கிட்டயும் கேக்க மாட்டா ஆன்ட்டி. கேட்டா மட்டமா நினைப்பாங்கன்னு பயம்" என்றாள் அவள்.

ஐந்தாம் நாள் காலை, நான் அடுப்படியில் நின்றபோது மகள் தானாக வந்தாள். பின்னால் நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... ரெண்டு பேப்பர்ல பெயிலாயிட்டேம்மா."

எவ்வளவு பயந்து அதைச் சொல்லியிருப்பாள்! நான் திரும்பி அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பாழாய்ப்போன என் வாய் முந்திக்கொண்டது.

"எத்தன மார்க்கு?"

முந்தானையை விட்டுவிட்டாள். காலேஜுக்கு இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என்னிடம் அவள் எடுக்கவும் இல்லை.