தோளுக்கு மேல் உயர்ந்த மட்டை

நார்மா ஹாஸ்லெட் போர்ட்வாரனின் தபால்காரி. வட அயர்லாந்தின் அக்கடற்கரை ஊரில் நானூற்றுப் பத்துக் கதவுகளையும் இருபத்தெட்டு ஆண்டுகளாக அவள் அறிவாள். எந்தக் கதவின் தபால் துளை விரலைக் கடிக்கும், எந்தக் கதவுக்குப் பின்னால் நாய் உறங்கும், எந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை துணிகூட உலர்த்தமாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சனிக்கிழமைகளில் அவள் பெண்கள் ஹாக்கிப் போட்டிகளின் நடுவர். தோளுக்கு மேலான பந்தை ஒருத்தி மட்டையால் தொட்டாலும் சரி, கையால் தொட்டாலும் சரி, அடுத்த கணமே அவளுடைய ஊதல் ஒலித்துவிடும். அந்த ஊதலுக்குத் தப்பிய மட்டை இல்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள்தான், இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டின் வசந்தத்தில், போர்ட்வாரனில் கமோகிக் கழகம் தொடங்கினாள்.

கமோகி என்பது அயர்லாந்தின் பழைய மட்டைப் பந்தாட்டத்தைப் பெண்கள் ஆடும் முறை. போர்ட்வாரனில் அச்சொல்லை எவரும் உச்சரித்ததில்லை. அது மலைக்கு அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கரின் ஆட்டம். புராட்டஸ்டண்டு ஊரான போர்ட்வாரனுக்கு ஹாக்கியும் கால்பந்தும் போதுமானவையாக இருந்தன.

மார்ச் மாதத்துக் காலை ஒன்றில் மருத்துவமனைச் செவிலி டிம்ப்னா மெக்ரோரிக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. கத்தோலிக்கர் மிகுந்த டைரோன் பகுதியிலிருந்து குடிவந்து ஆறு மாதமே ஆன இளம்பெண் அவள். மணியை அழுத்தியும் எவரும் வரவில்லை. வீட்டின் பின்புறத்திலிருந்து 'டொக், டொக்' என்று ஓசை மட்டும் வந்தது. நார்மா சுற்றிப் போய்ப் பார்த்தாள். டிம்ப்னா சுவரை நோக்கி மட்டையால் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் மோதிய பந்து கூரைக்கு மேல் எழும்பியது. டிம்ப்னா அண்ணாந்து, வெறுங்கையை உயர்த்தி, அவ்வளவு வேகமாக இறங்கிய பந்தைப் பூப்பறிப்பதுபோல் வானத்திலிருந்து எடுத்தாள்.

நார்மாவின் கை தன்னையறியாமல் மார்புக்குப் போயிற்று. அங்கே ஊதல் இல்லை. தபால் பையின் வார்தான் இருந்தது.

"பார்சலா? வச்சிட்டுப் போங்க, நான் எடுத்துக்கறேன்" என்றாள் டிம்ப்னா.

"இப்ப நீ பண்ணுனதுல எத்தன தப்பு தெரியுமா? மட்டைய ஓங்கின. பந்தக் கையால பிடிச்ச. நானா இருந்தா ரெண்டு தடவ ஊதியிருப்பேன்."

"எங்க ஊர்ல இதுக்குத்தான் கை தட்டுவாங்க."

நார்மா பார்சலைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ பண்ணு, பாப்போம்" என்றாள்.

தபால் பையில் சொந்த அறிவிப்பை வைத்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி. நார்மா விதியை மீறுகிறவள் அல்லள். ஆகவே, கமோகிக் கழகம் தொடங்கும் செய்தியைக் கதவு கதவாக வாயால் சொன்னாள். சிலர் நகைத்தார்கள். இரண்டு வீடுகளில் அன்று முதல் கடிதத்தை வாங்கிக்கொண்டார்களே தவிர, வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும், முதல் செவ்வாய்க்கிழமை மாலை நகராட்சித் திடலுக்குப் பத்தொன்பது பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ஹாக்கி ஆடியவர்கள். ஆகவே, ஒருவருடைய மட்டையும் இடுப்புக்கு மேல் எழவில்லை.

"தூக்குங்க லோர்னா! யாரும் ஊதமாட்டாங்க!" என்று டிம்ப்னா கத்தினாள்.

லோர்னா கில்மோர் பள்ளிச் சமையலறையில் பணிபுரிபவள். ஊரின் தலைசிறந்த ஹாக்கித் தடுப்பாட்டக்காரி. அவள் மட்டையைப் பாதிவரை உயர்த்தி, நார்மாவைத் திரும்பிப் பார்த்து, மறுபடியும் தாழ்த்தினாள்.

"அங்க நிக்கிறாளே அவ! அவளக் கண்டா என் கை மேல போகமாட்டேங்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நார்மாவும் சிரித்தாள். சிரித்தாலும் அவள் மனம் சுருக்கென்றது.

அன்று திடலைப் பூட்டும்போது டிம்ப்னா மெல்லச் சொன்னாள்: "புதுக் க்ளப்பு ஆரம்பத்துல சாகாது நார்மா. முதல் மேட்ச்சுல வெளுத்து வாங்குவாங்க பாருங்க, அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சாகும். பயிற்சிக்கு நாலு பேர் வருவாங்க, அடுத்த வாரம் ரெண்டு பேர். நான் ரெண்டு க்ளப்பு அப்படிப் போனதக் கண்ணால பாத்திருக்கேன்."

இன்னும் வராத அந்தச் செவ்வாய்க்கிழமை நார்மாவின் நெஞ்சில் கல்லாக அமர்ந்துகொண்டது.

முதல் போட்டியை மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வைத்திருந்தார்கள். எதிரணி கிளென்ராவன், மலைப் பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தை நடக்கும் முன்பே மட்டை பிடிக்கும் ஊர். கோல்காப்பாளரான ஹெதர் பர்டி, ஆண்டவரின் ஓய்வுநாள் என்று ஞாயிறன்று ஊசியில் நூல்கூடக் கோக்காதவள். "ஞாயித்துக்கிழமைன்னா நான் இல்ல. நீ என்ன சொன்னாலும் இல்ல" என்றாள். அவளோடு சேர்ந்து இன்னும் ஏழு பேர் வர மறுத்தார்கள். நாளை மாற்றக் கேட்டு, நார்மா தயங்கித் தயங்கிக் கிளென்ராவன் தலைவி ப்ரோனாவுக்குத் தொலைபேசினாள்.

"சனிக்கிழமையா? சனிக்கிழமைன்னா எங்க மாடு பால் கறக்காதா என்ன?" என்று ப்ரோனா சிரித்தாள். "வர்றோம்மா. ஆனா ஒண்ணு, கோலுக்குப் பின்னால நின்னு புள்ளிக்குக் கொடி காட்ட ரெண்டு பேரு வேணும், வெள்ளக் கோட்டோட."

ஒருவர் டிம்ப்னாவின் கணவர், அவரிடம் கோட்டும் இருந்தது. இரண்டாமவர் கிடைக்கவில்லை. ஊரில் வேறு தூய வெள்ளைக் கோட்டு இருந்த இடமோ ஒன்றுதான்: நார்மாவின் அண்ணன் மெர்வினின் இறைச்சிக் கடை. புராட்டஸ்டண்டுகளின் ஜூலை ஊர்வலத்தில் பெருமுரசு அடிப்பவன் மெர்வின். தங்கை கழகம் தொடங்கிய நாள் முதல் அவளோடு அவன் பேசியதெல்லாம் வானிலையைப் பற்றித்தான்.

"கோட்டு ஒண்ணு வேணும் மெர்வின். சனிக்கிழமைக்கு மட்டும்."

அவன் கத்தியைத் துடைத்து ஆணியில் மாட்டினான். பிறகு, "என் கோட்டு வேற எவன் உடம்புக்கும் சேராது" என்றான்.

"அப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? உள்ள ஆள் வச்சுத்தான் அனுப்பணும். எந்தப் பந்துக்கு எந்தக் கொடின்னு சொல்லு. ஒரு தடவதான் கேப்பேன்."

பந்து குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலையில் விழுந்தால் மூன்று புள்ளி, பச்சைக் கொடி. கம்பத்துக்கு மேலே, இரு நெடுங்கம்பங்களுக்கு நடுவே பறந்தால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. நார்மா சொன்னாள். அவன் ஒரு தடவைதான் கேட்டான்.

சனிக்கிழமை காற்று கடலிலிருந்து வீசியது. கால்பந்துக் கம்பங்களோடு பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி உயர்த்தியிருந்தார்கள். அவை காற்றில் நாணல்போல் ஆடின. வேடிக்கை பார்க்க ஊரில் பாதி வந்திருந்தது. கிளென்ராவன் பெண்கள் ஆடத் தொடங்கியதும் பேச்சு நின்றது. பந்து அவர்களிடையே தரையைத் தொடவேயில்லை. ஓடிக்கொண்டே மட்டையின் நுனியில் பந்தை ஏந்திச் சென்றார்கள். அறுபது கஜத்துக்கு அப்பாலிருந்து அடித்தார்கள். இத்தனை காலம் இதைப் பார்க்காமலே வாழ்ந்துவிட்டோமே என்பதுபோல் நார்மா அசையாமல் நின்றாள். ஆனால், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. போர்ட்வாரனுக்கு ஒன்றுமில்லை. லோர்னாவின் மட்டை இன்னும் இடுப்பு உயரத்திலேயே இருந்தது. நார்மா செவ்வாய்க்கிழமையை நினைத்தாள்.

அவள் எல்லைக்கோட்டை விட்டு விலகி, லோர்னாவின் கண்ணுக்குப் படாதபடி, மெர்வின் நின்ற கோலுக்குப் பின்னால் போய், அவன் அகன்ற முதுகுக்குப் பின் மறைந்து நின்றுகொண்டாள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடமே இருந்தது. உயரமாக வந்த பந்துக்கு மூன்று கிளென்ராவன் பெண்கள் எழும்பினார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து, எவரும் எதிர்பாராத ஒரு கை மேலே போயிற்று. லோர்னாவின் இடக்கை. பந்து அதில் வந்து அமர்ந்தது. தன் கையையே நம்பாதவளாய் அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு பந்தை மேலே வீசினாள். மட்டை தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி எழுந்தது. அது பந்தில் பட்ட ஓசை கடல்வரை கேட்டிருக்கும்.

பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது.

"அடக் கடவுளே, மேல போயிருச்சே!" என்று போர்ட்வாரன் முழுவதும் ஒரே குரலில் பெருமூச்சு விட்டது. கால்பந்து பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா? லோர்னா தலையைக் குனிந்து, "மன்னிச்சிருங்க" என்று முணுமுணுத்தாள்.

மெர்வின் ஆடும் குழாய்களை அண்ணாந்து பார்த்தான். பந்து சென்ற வழி வானத்தில் இன்னும் எழுதியிருப்பதுபோல் பார்த்தான். பின் குனிந்து, வெள்ளைக் கொடியை எடுத்து, பெருமுரசு அடித்துத் தழும்பேறிய கையால், ஊர்வலத்தில் பிடிப்பதுபோல் நேராக உயர்த்தினான்.

முதலில் கைதட்டியவர்கள் கிளென்ராவன்காரர்கள். வயதான விவசாயிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தட்டினார்கள். அப்போதுதான் போர்ட்வாரனுக்குப் புரிந்தது.

"பாயிண்டுய்யா! நம்ம பாயிண்டு!" என்று மெர்வின் கத்தினான். கொடி பிடிப்பவர் கத்தக் கூடாது. நார்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணீர் அவள் கண்ணை மறைத்திருந்தது.

முப்பத்திரண்டுக்கு ஒன்று. ஹாக்கி வழக்கப்படி உள்ளூர் அணியினர் வந்த அணியினருக்குத் தேநீரும் முட்டை வெங்காய சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். "ஒரு பாயிண்டுக்கே இந்த விருந்தா? ரெண்டு போட்டிருந்தா எங்கள வீட்டுக்கே விட்டிருக்கமாட்டீங்க" என்றாள் ப்ரோனா. ஆனால், லோர்னா சீக்கிரமே கிளம்பிவிட்டாள். ஹெதர் வீங்கிய விரலைப் பார்த்தபடி, "இதோட திங்கக்கிழமை எப்படிப் பாத்திரம் கழுவுவேன்?" என்றாள். செவ்வாய்க்கிழமை வருவதாக ஒருவரும் சொல்லவில்லை. நார்மாவுக்குக் கேட்கத் துணிவு வரவில்லை.

ஞாயிறன்று தேவாலயத்தில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை நார்மா வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். துறைமுகத் தெருவின் மூன்றாவது வீட்டில் கடிதத்தைத் துளைக்குள் விட்டபோது கை அப்படியே நின்றது. எங்கோ பின்புறத்தில் 'டொக்'. சற்று இடைவெளி. மறுபடியும் 'டொக்'. லோர்னாவின் வீடு அது. அடுத்த தெருவில் இன்னொன்று, வேறு தாளத்தில். பேக்கரிக்குப் பின்னால் ஒன்று. பள்ளிச் சுவரில் இரண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவ்வூரின் ஒவ்வோர் ஓசையையும் அறிந்தவள் அவள். இவ்வோசை அவ்வூரில் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஹெதர் வீட்டு வேலிக்கு அப்பால் ஓசை சட்டென்று நின்றது.

"நார்மா! அங்க நின்னு ஒட்டுக் கேக்குறது தெரியுது. உள்ள வா. கை இவ்வளவு தூக்குனா போதுமா?"

நார்மா வேலிக்கு மேலாகப் பார்த்தாள். கட்டுப் போட்ட விரலோடு ஹெதர் மட்டையைத் தோள்வரை உயர்த்தி நின்றாள்.

"இன்னும் மேல ஹெதர்" என்றாள் நார்மா. "இன்னும் மேல."

அன்று போர்ட்வாரனில் தபால் நாற்பது நிமிடம் தாமதமாகச் சேர்ந்தது.