நோலீனின் சிவப்பு லேபிள்

நோலீனுக்கு வாய் நீளம். ஆனால் அவள் தைத்த துணியில் ஒரு குறை சொல்ல யாராலும் முடியாது. கணவன் பண்ணை பண்ணையாக ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போய்விடுவான், பிள்ளைகள் இல்லை. தையல் மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டினாள்.

எங்கள் சின்ன ஊர் லம்ஸ்டனில் மார்ச் மாதப் பள்ளிச் சந்தை என்றால், ரொட்டியில் சீஸ் தடவிச் சுருட்டிச் சுட்ட என் சீஸ் ரோலுக்கும், பெண்குழந்தைகளுக்கு அவள் தைக்கும் பிளானல் நைட்டிக்கும்தான் கூட்டம். கழுத்தில் பூவேலை, கீழே சுற்றிவர ஃப்ரில், தரை தொடும் அகலப் பாவாடை. போட்ட பெண்குழந்தை சும்மா நிற்காது, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும்.

பிள்ளைகளின் இரவு உடைக்கென்று சட்டம் இருக்கிறது. பிளானல் மாதிரிப் புசுபுசுத் துணியில் இப்படித் தொளதொளவென்று தைத்தால் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் கழுத்தின் உட்புறம் சிவப்பு எச்சரிக்கை லேபிள் வேண்டும், கடையானாலும் சரி, சந்தை மேசையானாலும் சரி. பள்ளியில் அதைச் சொன்னபோது நோலீனுக்கு வந்ததே கோபம்!

“நான் தைச்சதுல நானே ‘ஆபத்து’ன்னு ஒட்டணுமா? அப்போ உன் சீஸ் ரோல்ல ‘மாரடைப்பு’ன்னு ஒட்டுடி!”

“ஒட்டறேன். அப்பவும் நீ நாலு திம்பே,” என்றேன்.

முனகிக்கொண்டே லேபிள் வைத்தாள். மெஷினில் அடிக்காமல், கையால் இரண்டு ஓட்டுத் தையல் மட்டும். அது எனக்கு அப்போது தெரியாது. மகளுக்கு நைட்டி வாங்கியவர்களில் தனக்குப் பிடித்த லியானிடம் மட்டும் காதோடு சொல்லியிருக்கிறாள்: “வீட்டுக்குப் போய் ஒரு இழு இழு, வந்துடும். துணிக்கு ஒண்ணும் ஆகாது.” அழகான துணியில் அசிங்கம் எதற்கு என்று அவளுக்கு. அதை ஒரு உபகாரமாகவே நினைத்தாள், பாவி.

லியானின் மகள் வளர்ந்ததும் அந்த நைட்டி ரேவினின் மகள் பிரைடிக்குப் போயிற்று. எங்கள் ஊரில் நல்ல துணி ஒரு வீட்டோடு நிற்காது. லேபிள் இல்லை என்பதை ரேவின் கவனிக்கவில்லை. இல்லாததை யார் கவனிப்பார்கள்? எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; உறைபனி கொட்டிய ஒரு காலை, பிரைடி கம்பி ஹீட்டருக்கு முதுகைக் காட்டி, உள்ளே சூடு ஏறட்டும் என்று நைட்டியை விரித்துப் பிடித்து நின்றாள். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் அப்படி நின்றவர்கள்தான்.

நைட்டியில் பற்றிய தீயை ரேவின் போர்வையைப் போட்டு அணைத்தாள். உயிர் தப்பியது. இரண்டு கால்களும் வெந்துபோயின.

ஊர் லியானைப் பிடித்துக்கொண்டது. “லேபிளப் பிச்சுட்டுக் குடுத்திருக்கா பாரு, இவளும் ஒரு தாயா?” என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் சாமான் வாங்கக்கூடப் பக்கத்து ஊருக்குப் போக ஆரம்பித்தாள். நோலீன் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். அந்த நீள வாய் எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவே இல்லை.

அடுத்த சந்தையில் அவள் என் மேசையில் ரொட்டிக்கு சீஸ் தடவிக்கொண்டிருந்தாள். ரேவினின் கையைப் பிடித்தபடி பிரைடி மெல்ல நடந்து, நேரே அவளிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, ஸாரி.”

“எதுக்கு செல்லம்?”

“நீங்க தைச்ச நைட்டிய நான் கெடுத்துட்டேன். ஹீட்டர்கிட்ட நிக்காதன்னு அம்மா சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

நோலீன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“நீ கெடுக்கலம்மா. லியானும் இல்ல. இழுத்தா வர்ற மாதிரி லேபிள வெச்சவ நான். இழுத்துப் போடுன்னு சொன்னவளும் நான்தான்.”

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ரேவின் மகளை அழைத்துக்கொண்டு போனாள். எனக்கு நோலீனை அறைய வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

சாயங்காலம் நான்தான் அவளை லியான் வீட்டுக்குக் காரில் கூட்டிப்போனேன். லியான் கதவைப் பாதி திறந்தாள்.

“ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல, லியான்?”

“குடுத்திருந்தா பிரைடி காலு சரியாயிடுமா?” என்றாள் லியான். “நீயா வருவேன்னு பாத்தேன், நோல். இவ்ளோ நாளும் பாத்தேன்.”

உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. நோலீனும் கேட்கவில்லை.